கெட்டிமேள நேரத்தில் என் குரல்

பாகான் செராயில் வயலும் வாழ்வும் செழிக்க இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயாவு அவர்களுக்கு,

ஈப்போ குனோங் ராபாட்டிலிருந்து உங்கள் புது மருமகள் தினேஸ்வரியின் தாய்மாமன் சுகுமாரன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவியும் நலம். என் தங்கை சரளா கல்யாணத்தன்றிலிருந்து என்னோடு பேசாததால் அவள் நலம் குறித்துத் தகவல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு விருந்துக்கு மணமக்களை அனுப்ப மாட்டேன் என்று சம்பந்தியம்மா சொன்னதாக அறிந்தேன். தாய்மாமன் வீட்டில் கை நனைக்காமல் பெண் புகுந்த வீட்டில் தங்கிவிட்டால் நான் ஈப்போவில் தலைகாட்ட முடியாது. ஆகவே நடந்ததை விளக்குகிறேன். மேளக்காரர்கள் வேண்டாம், இசையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்தான். நல்ல நாதஸ்வர இசையாகத் தேடிப் பென்டிரைவில் ஏற்றி, ‘மாலை மாற்றும்போது’, ‘தாலி கட்டும்போது’ என்று ஒவ்வொரு கோப்புக்கும் தமிழிலேயே பெயர் வைத்தேன். என் கணினி ஒப்புக்கொண்டது, கைப்பேசியும் ஒப்புக்கொண்டது. மண்டபத்து ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மட்டும் ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எழுத்து தெரியாதாம். பெயர் படிக்க முடியாத கோப்பை அது தொடவும் மாட்டாதாம். அதை இயக்கும் ராட்னி இதைக் கண்டுபிடித்தபோது ஐயர் கையை உயர்த்திவிட்டார்.

“அங்கிள், எல்லாம் கொஸ்டின் மார்க்கா வருதுலா! ஒன்னே ஒன்னுதான் பேரு தெரியுது! போடவா?” என்று மண்டபத்தின் மறுகோடியிலிருந்து கத்தினான். நான் தட்டோடு மேடையில் நிற்கிறேன். ஐயர் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்கிறார். அபசகுனமாக ஒரு தும்மல்கூடக் காதில் விழக்கூடாத நேரம். “எதையாச்சும் போடுடா! சத்தமா போடு!” என்றேன். போட்டான். அதன் பிறகு நீங்களே கேட்டீர்கள்: “சூராட் காபார் லாமா! பழைய பேப்பர், ஓடாத பிரிட்ஜு, ஒடஞ்ச வாஷிங் மெஷினு, எவ்வளவு பழசா இருந்தாலும் வாசலுக்குக் கொண்டாங்க, எடுத்துக்கிறோம்!”

பழைய சாமான் வாங்கும் கார்த்திகேசு என் பக்கத்து வீட்டுக்காரன். அவன் லாரிக்கு நான்தான் குரல் கொடுத்தேன். லாரிப் பெட்டியும் தமிழ்ப் பெயரை ஏற்காததால் அதே பென்டிரைவில் இருந்த அந்தக் கோப்புக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ‘லாமா 1’ என்று பெயர் வைத்தேன். மலாயில் லாமா என்றால் பழையது. லாரியின் குறை கல்யாண மண்டபத்தில் இருக்காது என்று நம்பியது என் பிழையா? மாப்பிள்ளை பவித்ரன் நாற்பதைத் தாண்டியவர் என்பதை நான் அப்போது நினைக்கவே இல்லை. சம்பந்தியம்மா, “யாரைப் பாத்துலா பழசுன்னு சொல்றாங்க?” என்று எழுந்தபோதுதான் நினைத்தேன். சிரித்தவர்களில் பெரும்பாலோர் பெண் வீட்டார் என்பதையும் மறுக்கவில்லை. சரளா என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: “அண்ணே, ஒங்க தமிழ்ப் பற்ற ஒங்க வீட்டுக் கல்யாணத்துல காட்டுங்கலா.” எனக்குப் பிள்ளைகள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தினேஸ்தான் எனக்குப் பிள்ளை.

அதனால் கேட்கிறேன், ஐயா. ஞாயிற்றுக்கிழமை கோழிப் பிரட்டலும் நண்டும் இருக்கும், ஒலிபெருக்கி இருக்காது. நான் வாயே திறக்காமல் பரிமாறுகிறேன். மணமக்கள் குறையின்றி வாழவும், சம்பந்தியம்மாவின் கோபம் தணியவும் வேண்டிக்கொள்ளும்,

சுகுமாரன்

பி.கு.: இக்கடிதத்திற்கு ‘மன்னிப்பு’ என்று பெயரிட்டு அனுப்பிப் பார்த்தேன், உங்கள் வீட்டுப் பழைய கணினியில் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது என்றாள் தினேஸ். ஆகவே ஆங்கில எழுத்தில் ‘லாமா 2’ என்று மாற்றியிருக்கிறேன். அவசரத்தில் இதற்கு முன்பே தவறுதலாக ‘லாமா 1’ஐ அனுப்பிவிட்டேன். நீங்கள் இதைப் படிப்பதற்குள் சம்பந்தியம்மா அதைத் திறந்திருந்தால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கார்த்திகேசு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறான்.