துரத்தினால்தான் கிடைக்கும்

"ஏனுங்க சார், என் சர்டிபிகேட்டைக் கொடுத்துபோடுங்க. திங்கக்கெழமை சென்னிமலை கவர்மென்ட் ஸ்கூல்ல ஒரிஜினலைக் காட்டலீன்னா அந்த வேலை போயிருமுங்க."

லோகப்பிரியா டீச்சர் கெஞ்சினாள். இன்டர்நேஷனல் பள்ளியின் பிரின்சிபால் சீனிவாசலு கண்ணாடியைத் துடைத்தார்.

"ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட், அம்மணி. முடியற வரைக்கும் சேர்மன் பீரோவுலதான் இருக்கும். நீங்களாப் போனா தரமாட்டாங்க. அவங்களாத் துரத்தினா அன்னைக்கே கையில கொடுத்துருவாங்க."

துரத்தத்தானே வேண்டும்? துரத்த வைத்தே தீருவது என்று லோகப்பிரியா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மறுநாள் கணக்குப் பாடத்தை மூடிவைத்துவிட்டு ஏழாம் வகுப்பையே தோட்டத்துச் சேற்றில் இறக்கிவிட்டாள். டையிலும் சேறு, ஷூவிலும் சேறு. கருமத்தம்பட்டியில் தறிக்கூடம் வைத்துப் பெரிய ஆளாகி, பள்ளியும் கட்டிய சேர்மன் தம்பிதுரை மீசை துடிக்க வந்து நின்றார்.

"என்னுங்க இந்தக் கூத்து?"

பிரின்சிபால் எங்கிருந்தோ ஓடி வந்தார். "டீச்சரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தானுங்க செய்யச் சொன்னேன். அனுபவக் கல்வி."

சேர்மன் சேற்றையே பார்த்தார். "போட்டோ எடுத்தாச்சுங்களா?"

அந்தப் படம் அவிநாசி ரோட்டில் விளம்பரப் பலகையாக ஏறியது.

லோகப்பிரியா விடவில்லை. பரீட்சைத் தாளைப் பிரிக்காமலே எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போட்டாள்.

"இதுவும் என் ஏற்பாடுதானுங்க!" என்று பிரின்சிபால் மறுபடி குறுக்கே விழுந்தார்.

"எங்க பையன் வாங்கின மொத நூறுங்க" என்று பெற்றோர்கள் மைசூர்பாகோடு வரிசை கட்டினார்கள். சேர்மனுக்கு வாயெல்லாம் பல்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. லோகப்பிரியா மைக்கைப் பிடுங்கினாள்.

"நம்ம சேர்மனுக்குப் பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒரு எழவும் தெரியாதுங்க!"

கூட்டம் சேர்மனைத் திரும்பிப் பார்த்தது. பிரின்சிபால் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார்.

"சரியாச் சொன்னீங்க! நானும் அதையேதான் சொல்றேன்!"

சேர்மன் மெதுவாக மேடையேறினார். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷத்துல என் மூஞ்சிக்கு நேரா நெசம் பேசினது நீங்க ரெண்டு பேருதானுங்க. உங்க ரெண்டு பேருக்கும் காண்ட்ராக்ட் இன்னும் அஞ்சு வருஷம்!"

பொன்னாடை வேறு போர்த்திவிட்டார்.

மேடைக்குப் பின்னால் லோகப்பிரியா வெடித்தாள். "ஏனுங்க சார், நான் எதைச் செஞ்சாலும் குறுக்க வந்து என் பொழப்பைக் கெடுத்துபோட்டீங்களே! உங்களுக்கு நான் என்னுங்க கெடுதல் பண்ணினேன்?"

சீனிவாசலு பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதே பீரோவுலதான் அம்மணி என் சர்டிபிகேட்டும் இருக்குது, பழியை நான் ஏத்துக்கிட்டா என்னையாவது துரத்துவாங்கன்னு பார்த்தேன்."