மட்டாஞ்சேரி மூக்கு

மூக்கு அடைத்து ஒரு வாரமாகியும் நூர் முகம்மது அதை வெளியே சொல்லவில்லை. மட்டாஞ்சேரி சுக்குக் கடைகளில் அவர் மூக்குக்கென்று ஒரு மரியாதை இருந்தது. ஒரு பிடி சுக்கை மோந்து, "இது போன வருஷத்துச் சரக்கு" என்றால் மறுபேச்சு கிடையாது. விஷயம் வெளியே தெரிந்தால் அந்த மரியாதை எதிர்க்கடை ராசப்பனிடம் போய்விடும்.

"ஆவி பிடிங்க," என்றாள் மனைவி ஜுமைலா.

சீக்கிரம் குணமாகட்டும் என்று பாத்திரத்துக்குள்ளேயே முகத்தை இறக்கினார். மூக்கு நுனி வெந்தது. அடைப்பு அப்படியே இருந்தது.

"ஆவிதானே பிடிக்கச் சொன்னேன்? அவிச்சு எடுக்கவா சொன்னேன்?"

மருந்துக்கடையில் சொட்டுமருந்து வாங்கினார். விட்டதும் மூச்சு ஓடியது; சாயங்காலம் அடைத்தது. மறுபடி விட்டார். சீக்கிரமே, கடையில் சாயா குடிப்பதைவிட அடிக்கடி மூக்குக்குச் சொட்டு போயிற்று.

புதுச் சரக்கு வந்தது. ஒரு பிடி எடுத்து மோந்தார். வெறும் காற்று. ஓரக்கண்ணால் ராசப்பனைப் பார்த்தார். ராசப்பனும் ஒரு பிடியை மூக்கில் வைத்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தலையசைத்தார், அவரும் அசைத்தார்.

"கொள்ளாம் அல்லே, இக்கா?" என்றார் ராசப்பன்.

"கொள்ளாம், சேட்டா. நல்ல சரக்கு."

ஆளுக்குப் பாதியாக வாங்கினார்கள். வீட்டில் அதைத் தட்டிக் காப்பி போட்ட ஜுமைலா ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

"பூஞ்சை நாத்தம். இதையா மோந்து வாங்கினீங்க?"

நூர் முகம்மது தீர்ந்துபோன சொட்டுமருந்துக் குப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மருந்துக்கடைக்குப் போனார்.

"இன்னுமா விடுறீங்க?" என்றான் கடைக்காரன். "நாலஞ்சு நாளுக்கு மேல விட்டா அந்தச் சொட்டே மூக்கை அடைக்கும், இக்கா. முதல்ல அடைச்சது சுக்குத் தூசியா இருக்கும். டாக்டர்ட்ட காட்டுங்க."

பக்கத்திலிருக்கும் தோப்பும்படியில் காட்டினால் பஜாருக்குத் தெரிந்துவிடும். முகக்கவசம் மாட்டிக்கொண்டு இடப்பள்ளிவரை போனார். பாலக்காட்டுத் தமிழ் பேசும் நர்ஸ் ஊரைக் கேட்டாள்.

"ஆலுவா," என்று ஊரை மாற்றிச் சொன்னார்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பேர், முகக்கவசத்தோடு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

கதவு திறந்தது.

"ஆலுவாக்காரா நாலு பேரும் வாங்கோ," என்றாள் நர்ஸ். "ஹால் முழுக்க மட்டாஞ்சேரி சுக்கு வாசனை தூக்கறது. உங்கள்ல ஒருத்தருக்குமா தெரியலை?"