எண்ணூறு பக்க டிராகன்

“சார், நாவலாசிரியர் வந்துட்டார். முதலாளி உங்களை உடனே வரச் சொன்னார்” என்று வரவேற்பறைப் பெண் வந்து நின்றபோது, ஒற்று சார் தன் கணினித் திரைக்கு அடியிலிருந்து எண்ணூறு பக்க டிராகன் நாவலை உருவிக்கொண்டிருந்தார்.

கழுத்து வலிக்காகத் திரையை உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்று வாரமாக அந்தக் கைப்பிரதி அந்த வேலையைத்தான் பார்த்தது. தலைப்பையும் அதன் கீழிருந்த புனைபெயரையும் தவிர அவர் ஒரு வரி படித்ததில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் அந்த நாளை இன்று வந்தேவிட்டது.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. நாவலின் நிறைகுறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. முதலாளியை வைத்துக்கொண்டு, எழுதியவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாகப் பிழை திருத்தி, விட்டுப்போன ஒற்றுகளைத் துரத்தித் துரத்தியே அந்தப் பட்டப்பெயரை வாங்கியவருக்கு இதுதான் முதல் முறை. எடிட்டர் நாற்காலி வேறு காலியாக இருந்தது.

“இன்னிக்கு நல்லாச் சொன்னீங்கன்னா அந்த நாற்காலி உங்களுக்கு. சொதப்பினா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவேன்” என்று முதலாளி காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

முதலாளி அறையில் ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவோரம் அவர் மனைவி, மடியில் கைப்பையோடு.

“முதல்ல நிறை” என்றார் முதலாளி.

ஒற்று சார் தொண்டையைச் செருமினார். டிராகன் என்றால் நெருப்பு இல்லாமலா போகும்?

“டிராகன் நெருப்பைக் கக்குற வர்ணனை இருக்கே! எனக்குக் கையே சுட்டுடுச்சு.”

வந்தவர் மனைவியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “ரொம்ப நன்றிங்க” என்றார்.

“எந்த அத்தியாயம்?” என்றார் முதலாளி.

“எல்லாத்துலயும்தான்!”

“சரி, குறை?”

“அதேதான். நெருப்பு கொஞ்சம் தூக்கல்.”

“இப்பத்தானே அதை நிறைன்னீங்க?”

“நல்லா எழுதறவங்களுக்கு நிறைதாங்க குறை” என்று ஒற்று சார் பூசி மெழுகினார். வந்தவரோ பணிவாக, “குறைச்சிடறேங்க” என்றார்.

பாவி மனுஷா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசேன் என்று ஒற்று சாருக்கு மனசு அடித்துக்கொண்டது. வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதை, படிக்காத ஒருவன் சொன்னான் என்று வெட்டுகிறாரே! பெண்டாட்டி எதிரில் குறை கேட்டதில் மனுஷன் கூசிப்போய்விட்டார் போலும். கொஞ்சம் ஆறுதலாகச் சொல்வோம் என்று வாயைத் திறந்தவர், வசமாக மாட்டிக்கொண்டார்.

“ஆனா அந்தப் போர்! டிராகன் மலைக்கு மேல பறந்து பறந்து அடிக்குதே, மூச்சே விடலைங்க நான்.”

“ஆமா, போர் பிரமாதம்” என்று முதலாளி மேசையைத் தட்டினார். “அதை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்துடலாமே?”

“கொண்டுவந்துடறேங்க” என்றார் வந்தவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஒற்று சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு காலை ஆட்டினார், நிறுத்தினார், மறு காலை ஆட்டினார். தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் என்ன, முழம் என்ன?

“கடைசியில டிராகன் சாகுற இடத்துல நான் அழுதுட்டேங்க.”

“செத்துடுதா?” என்ற முதலாளி, சட்டென்று, “ஆமா ஆமா, செத்துடுது” என்று சேர்த்துக்கொண்டார்.

“எழுதும்போது நானும் அழுதேங்க” என்றார் வந்தவர், மனைவி பக்கம் பார்க்காமல்.

“அதுதான் பெரிய குறை!” முதலாளி எழுந்தே விட்டார். “செத்துட்டா ரெண்டாம் பாகத்துக்கு எங்க போறது? பிழைக்க வெச்சிடுங்க.”

“வெச்சிடறேங்க.”

முதலாளி ஒற்று சாரின் முதுகில் ஓங்கித் தட்டினார். கழுத்து சுரீர் என்றது. “இப்படி வரிக்கு வரி படிக்கிற ஆளை வெச்சுக்கிட்டு வெளியில தேடினேனே! நாளையிலேர்ந்து நீங்கதான் எடிட்டர்.”

ஒற்று சாருக்குக் கண் கலங்கியது. பதினோரு வருடத்துக்குப் பிறகு கிடைத்ததே என்ற சந்தோஷம் பாதி, ஒரு நல்ல மனிதரின் உழைப்பில் மண்ணள்ளிப் போட்டோமே என்ற குற்ற உணர்ச்சி பாதி. இன்றைக்கு வீட்டுக்கு எடுத்துப்போய் முதல் பக்கத்திலிருந்து படித்தே தீர்வது என்று கைப்பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கதவோரம் இருந்த மனைவி அப்போதுதான் எழுந்து வந்தாள்.

“குறைகளைக் கேக்கத் தைரியமில்லாமதாங்க இவரை முன்னாடி உக்கார வெச்சேன், ஆனா நான் எழுதின நாவல்ல, டிராகன் கடைசிப் பக்கத்துலதானே முட்டையை விட்டே வெளிய வருது?”