முதலுதவிப் பெட்டியின் முத்திரையை உடைத்தவள் எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

ஆசீர்வாதம். என் முழங்கால் நீங்கலாக இங்கு யாவும் நலம். நீயும் உன் மனைவியும் உன் நான்கு வேன்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அடுத்த தெருவில் குடியிருக்கும் உடன்பிறந்தவனுக்குத் தபாலில் எழுதுவது எனக்கு உவப்பான செயலன்று. ஆனால் ஓட்டுநரிடம் நீ கொடுத்தனுப்பிய சுற்றறிக்கை “மதிப்பிற்குரிய வேன் உதவியாளர் அவர்களுக்கு” என்று தொடங்குவதால், நானும் முறைப்படியே பதில் எழுதுகிறேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு முறை தெரியும்.

“தனிக் கவனிப்பு தேவைப்படும் மாணவர்களை வரும் மாதம் முதல் ஏற்றிச்செல்ல இயலாது” என்று எழுதியிருக்கிறாய். நம் வேனில் அப்படிப்பட்டவர்கள் இருவர். ஒருத்தி, வலிப்பு வரும் சிறுமி. அவளை ஓட்டுநர் குருவி என்று கூப்பிடுவார். மற்றவன் இன்ஸ்பெக்டர். ஏறியதும் ஒவ்வொரு பிள்ளையின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்த பிறகே உட்காருவான் என்பதால் அந்தப் பெயர். ஹாரன் சத்தமும் வழி மாறுவதும் மட்டும் அவனுக்கு ஆகாது. குருவியின் தாய் சலவை நிலையத்தில் விடியற்காலையில் வேலைக்கு நிற்க வேண்டியவள். வேன் இல்லையென்றால் குருவிக்குப் பள்ளி இல்லை, அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரைப் பொதுப் பேருந்தில் ஏற்றிப் பார்த்த அவன் தந்தை, சட்டையில் ஒரு பொத்தான் கூட மிஞ்சாமல் வீடு திரும்பினார்.

சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததை நீ அரைகுறையாகக் கேட்டிருக்கிறாய், முழுவதும் கேள். குழாய் பதிக்க வழக்கமான சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் யாரிடமும் சொல்லாமல் வேறு தெருவில் திருப்பினார். திருப்பியதும் இன்ஸ்பெக்டர் வீறிட்டான், பெல்ட்டைக் கழற்றினான், பாய்ந்துபோய் ஓட்டுநரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். “அம்மா, விடச் சொல்லுங்கம்மா! இருக்கிறதே நாலு முடி!” என்று அவர் அலறிக்கொண்டே வேனை ஓரம் கட்டினார். நான் விரல் விரலாகப் பிரித்து, இன்ஸ்பெக்டரை உட்கார வைத்து, “பள்ளிக்கூடத்துக்குத்தான் போறோம், ராஜா. ரோடு உடைஞ்சிருக்கு, அதான்” என்று சொல்லித் திரும்பினால், பின்னால் குருவியின் கண்கள் மேலே செருகிவிட்டன. பெல்ட்டைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மூக்கில் பீய்ச்ச வேண்டிய மருந்து ஒன்றை அவள் தாய் கொடுத்துவைத்திருக்கிறாள். நிற்கவில்லை. மருந்தைத் தேடினால், முந்தின நாள் மாலை நீ அதை எடுத்து முதலுதவிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கம்பியால் கட்டி, ஈய முத்திரையும் அடித்துவிட்டாய் என்று ஓட்டுநர் சொன்னார். வேன் ஆய்வுக்கு வருகிற போக்குவரத்து அலுவலர்கள் பார்க்கும்போது பெட்டி நிறைந்திருக்க வேண்டுமாம். அதுவரை ஓட்டுநர் தம் குதிகால் வெடிப்புக்குப் பிளாஸ்திரி எடுத்துவிடக் கூடாதாம்.

“சீல உடைச்சா ஓனர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரும்மா. ஒரு வார்த்தை போன்ல கேட்டுக்கறேன்.”

கேட்டார். ஒலிபெருக்கியில் உன் குரல் கணீரென்று வந்தது.

“அக்கா, அதுல மட்டும் கைய வெச்சிடாதே! நாளைக்கு ஆய்வு. பெட்டி முழுசா இருக்கணும்!”

“பெட்டி முழுசா இருக்கணும். பிள்ளை?” என்று கேட்டேன்.

நீ பதில் சொல்வதற்குள் சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் முத்திரையை உடைத்துவிட்டேன். மூடியும் சேர்ந்து போனதற்கு வருந்துகிறேன். எனக்கு அளவாக உடைத்துப் பழக்கமில்லை. மருந்து கொடுத்தேன். சற்று நேரத்தில் பிள்ளையின் கை தளர்ந்தது, மூச்சு சீரானது. நேரே மருத்துவமனைக்குப் போனோம். ஹாரன் அடித்தால் இன்ஸ்பெக்டர் மறுபடி எழுந்துவிடுவான் என்று ஓட்டுநர் அதைத் தொடவே இல்லை. ஆகவே வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “ஓரமா போங்க! உள்ளே பிள்ளைக்கு உடம்பு சரியில்லே!” என்று கத்தியவள் நான்தான். உன் மனைவியின் தோழி கடைத்தெருவில் பார்த்ததாகச் சொன்னது உண்மை.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். முத்திரையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பெட்டிக்குள் கத்திரிக்கோல் இல்லை என்று மட்டும் எழுதிக்கொடுத்துப் போனார். இல்லாத கத்திரிக்கோலைப் பூட்டிக் காவல் காத்தவன் நீ. அந்த அவமானத்தை யார் தலையில் இறக்கலாம் என்று தேடி, கடைசியில் இரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்தாய். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

தம்பி, அன்று தவறியது பிள்ளைகள் அல்ல. வழி மாறப்போகிறது என்று முந்தின நாளே சொல்லிவைத்தால் இன்ஸ்பெக்டர் பெல்ட்டைத் தொடமாட்டான். செவ்வாய் மாலை அப்படித்தான் சொல்லிவைத்தேன், புதன்கிழமை அவன் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். குருவியின் மருந்து என் தோள் பையில் இருந்தால் யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மருந்து கொடுக்கும் விதத்தை ஓட்டுநருக்கும் அவள் தாய் காட்டிக்கொடுத்துவிட்டாள். தாமே மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார், அதையும் சொல்லிவைத்தேன். இதற்கு மேல் தனிக் கவனிப்பு எது? “உட்கார்ந்துகிட்டே போற வேலைதானே, அக்கா” என்று சொல்லித்தான் என்னை இந்த வேலைக்கு அழைத்தாய். இதுவரை உட்கார்ந்த நினைவே எனக்கில்லை.

ஆகையால் உன் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். இதை அக்காவாக அதட்டவில்லை, உதவியாளராக மன்றாடுகிறேன். மறுத்தால் அந்த இருவரோடு நானும் இறங்கிவிடுவேன். தீர யோசித்து, உன் மனைவியையும் கலந்துகொண்டு, நிதானமாக முடிவு செய். முடிவு முற்றிலும் உன்னுடையது.

உன் வண்டிகள் போன வழியே பத்திரமாகத் திரும்பட்டும். உன் ரத்த அழுத்தம் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவும் வேன் உதவியாளருமான நான்

பின்குறிப்பு: நீ மனம் மாறி இருவரையும் வேனிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாய் என்று நேற்று மாலையே எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன். குருவியின் தாய் வேலை உடுப்போடு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நான் சொன்னது பொய்யாகாமல் பார்த்துக்கொள்வது இனி உன் பொறுப்பு.