அத்தான் ஏன் இன்னும் போன் செய்யவில்லை?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ நல்ல உடம்போடும், பக்கத்தில் அத்தான் இல்லாமலும் இருக்கக் கடவாய். இங்கே உன் தம்பி பெண்டாட்டி நலம். நான் கொஞ்சம் குறைவாக நலம். போனில் பேசலாமே என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குகிறவள். சோபாவில் யார் காது நீண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் நீ வேலை பார்க்கும் நூலகத்தின் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் யாரும் தொடாத புத்தகம் எதிலாவது செருகிவிடு.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை கால்பந்தில் என்னுடைய துறைமுக அணியை அத்தானுடைய ஆலை அணி மூன்றுக்குப் பூஜ்யம் என்று துவைத்துக் காயப்போட்டது. இன்றைக்குச் சனிக்கிழமை. அத்தான் இன்னும் எனக்குப் போன் செய்யவில்லை.

சிரிக்காதே. உன் கல்யாணத்திலிருந்து எங்களுக்குள் இருக்கிற வழக்கம் உனக்குத் தெரியாதா? ஜெயித்த அணிக்காரர் மறுநாள் காலை தோற்றவருக்குப் போன் செய்யவேண்டும். ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. நலம் மட்டும் விசாரிக்கவேண்டும். மற்ற நாளெல்லாம் என்னை "டேய்" என்கிற மனுஷன் அன்றைக்கு மட்டும், "என்ன மாப்ளே, ராத்திரி நல்லா தூங்கினீங்களா? சாப்பாடு இறங்குதுங்களா? ஏதோ மனசு கேக்கலை, அதான் கூப்பிட்டேன்" என்று தேனாக வழிவார். ஒவ்வொரு மரியாதையும் ஒரு ஊசி. நான் ஜெயித்த அன்றைக்கு நானும் சும்மா இருப்பதில்லை. அவருடைய முட்டிவலியில் ஆரம்பித்து உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் தேக ஆரோக்கியம் வரை விசாரித்துவிட்டுத்தான் வைப்பேன்.

திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு, அந்த ஊசிக்குத்தை வாங்கத் தயாராகப் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. உன் தம்பி பெண்டாட்டி அவள் தங்கையோடு பேசுவதற்காக அதை எடுத்தாள், பிடுங்கிக்கொண்டேன், அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு மேஜையில் இருந்தது, பரிமாற ஆள் இல்லை. என் கண்ணாடிக் கடைக்குப் போயும் ஒரு கண் போன்மேலேயே இருந்ததில் பள்ளிக்கூட வாத்தியாரின் கண்ணாடியைத் தபால்காரருக்கும் தபால்காரர் கண்ணாடியை வாத்தியாருக்கும் மாட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் தபால்காரர் வந்து, "சார், தெரு முழுக்க ஒரே வீடா தெரியுது, எல்லாத் தபாலையும் அங்கயே போட்டுட்டேன்" என்றார். வாத்தியார் இன்னும் வரவில்லை. வழி தெரிந்தால்தானே வருவார்.

மனசு கேட்காமல், முடிவெட்டும் சாக்கில் சலூன்காரரிடம் போனேன். அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது, தெரியாததையும் சொல்வார். "உங்க அத்தானா? இங்கதான் உக்காந்து போன்ல வெளிநாட்டு லீக் பாத்துக்கிட்டிருந்தாரு. எவனோ கோடீஸ்வரன் வாங்கின டீமாம். என்னமா ஆடுறானுங்கன்னு சொன்னாரு" என்றார்.

"சந்தோஷமாவா சொன்னாரு?"

"தலையை ஆட்டாதீங்க சார்னு ரெண்டு தடவை சொல்லவேண்டியதாப் போச்சு."

அக்கா, எனக்குப் பாதித் தலையோடு எழுந்து வரலாம் போலிருந்தது. பாதித் தலைக்கு வேண்டிய முடியே என்னிடம் இல்லை என்பதால் உட்கார்ந்தேன்.

எந்த இரண்டு அணி கோப்பைக்கு மோதினாலும் பத்திரிகைக்காரர்கள் 'பரம எதிரிகள்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அதுவா பகை? எங்கள் இரண்டு அணிக்கும் ஒரே மைதானம், ஒரே புல். உடைமாற்றும் அறைகளுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பட்டியலில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம் என்றால் அவர்கள் கடைசி, அதுவே எங்களுக்குக் கோப்பை. நம் ஆட்டம் முடிந்ததும் அடுத்தபடியாக யாருடைய முடிவைத் தேடுகிறோமோ அவன்தான் எதிரி. போன வருஷம் ஆலை அணியை வெளியூர் அணி ஒன்று ஐந்து கோல் போட்டு அடித்தபோது மத்தியானம் வரைக்கும் கொண்டாடினேன். சாயங்காலம் ஆக ஆக, நம்ம ஆளை அடிக்க இவன் யார் என்று கோபம் வந்தது. இதை அத்தானிடம் சொல்லிவிடாதே.

நேற்று அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கே போய் எதிர்ச் சாரியில் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். கம்பம் ஒல்லி, நான் அப்படியில்லை. கார்க் கண்ணாடியில் எப்போதும் தொங்குமே ஆலை அணியின் நீலத் துண்டு, அதைக் காணோம். ஓட்டக் கற்றுக்கொள்ளும் அம்மாள் ஒருத்தி நேராக என்னையும் கம்பத்தையும் குறிபார்த்து வந்தாள், அத்தான் பக்கத்திலிருந்து பிரேக்கை மிதித்துத் தலையை நீட்டினார். "டேய், வெயில்ல ஏண்டா நிக்கிற? பாத்துப் போடா."

கேட்டாயா? "டேய்" என்றார். உண்மையான அக்கறையோடு சொன்னார். மூன்று கோலில் ஜெயித்த மனுஷன் என்னிடம் இப்படிப் பேசினால் என்ன அர்த்தம்? அவர் என்னைத் திட்டட்டும், கேலி செய்யட்டும். கோடீஸ்வரன் அணிக்குக் கட்சி மாறி, எங்கள் தோல்வியைக் கவனிக்கக்கூட மறந்துவிட்டார் என்றால், நான் இனிமேல் யாரிடம் தோற்பேன்? நைசாக விசாரித்து உடனே பதில் எழுது. அவருடைய சட்டைப் பை, அலமாரி, அந்தத் துண்டு எல்லாவற்றையும் பார்.

உனக்கு நீண்ட ஆயுளும் குறையாத சந்தோஷமும் கிடைக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லாதே, சந்தேகப்படுவார்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டும் நேரத்தில் அத்தானே கடைக்கு வந்துவிட்டார். "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குங்க மாப்ளே, பாத்துச் சொல்றீங்களா" என்றார். 'ங்க' என்றதுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, எதிரே பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். நிதானமாகப் பார்த்து, "மூணு... பூஜ்யம்" என்றார். மற்ற கண்ணை மூடினேன். "இதுலயும் மூணு பூஜ்யந்தாங்க தெரியுது. கண்ணாடி போட்டா மாறுங்களா?" என்றார். இரண்டு கண்ணும் கழுகுக் கண். நீலத் துண்டு துவைக்கப் போயிருந்ததாம். சலூனில் ஓடியது சலூன்காரர் போனாம். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஆனால் அக்கா, ஒரு வாரம் போன் செய்யாமல் என்னைத் தவிக்கவிட்டுப் பிறகு கடைக்கே வந்து குத்துகிற இந்த யோசனை அத்தான் மூளையில் உதிக்கக்கூடியது இல்லை. அவருக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது. என்னை நன்றாகத் தெரிந்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீ துறைமுக அணி வீட்டில் பிறந்தவள். எப்போது கட்சி மாறினாய்?