நாலு பேர் தூக்கிய கீபோர்டு

மனைவி சொல்வதைப் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போகும் கணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மற்றவர்கள் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பு வாங்கி வந்து திட்டு வாங்குவார்கள். நான் கீபோர்டு வாங்கி வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோலார் தங்கவயலில் கனரகத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. கிரேஸுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. காதல் கல்யாணம், நான் இந்து, அவள் கிறிஸ்தவள். அவளுடைய அப்பா தேவசகாயம் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த ஒரு வருஷமும் அவர் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. பஜாரில் நான் எதிரே வந்தால், எனக்குப் பின்னால் இருக்கும் கடையின் போர்டைப் படிப்பார். (ராபர்ட்சன்பேட்டைக் கடைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும்.)

கிரேஸ் ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் பியானோ கற்றுக்கொண்டிருந்தவள். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. வீட்டிலேயே மறுபடி கற்க ஒரு கீபோர்டு வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"வெல கம்மியா செகண்ட் ஹேண்ட் போதுங்க. ஆனா கீ நல்லா வெயிட்டா இருக்கணும். லேசா இருந்தா விரலு கெட்டுப்பூடும்" என்றாள்.

நான் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயிட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் காதில் நின்றது. எனக்கு அதில் சந்தேகமே எழவில்லை. நாங்கள் செய்வது மண் வாரும் ராட்சத வண்டிகள். எங்கள் கணக்கில் கனமான பொருள்தான் நல்ல பொருள்.

அந்தச் சமயத்தில் சர்ச் பாஸ்டர் வந்து, "தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்ல ஒரு ஜெபம் வெச்சிக்கலாம். உங்க மாமாவும் வரேன்னுட்டாரு" என்றார். கிரேஸ் அழுதேவிட்டாள். அன்றைக்கு அவள் அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனையை வாசித்தால் எப்படி இருக்கும் என்று என் மூளை வேலை செய்தது. (அது அடிக்கடி நடப்பதில்லை.)

சனிக்கிழமை அதிகாலை ரயிலில் பெங்களூர் போனேன். பழைய வாத்தியங்கள் விற்கும் கடையில் ஒவ்வொரு கீபோர்டையும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு, "சார், வாசிக்க வாங்கறீங்களா, எக்சர்சைஸுக்கா?" என்றார்.

"இருக்கறதுலயே வெயிட்டானது எது?"

பின்னறைக்குக் கூட்டிப் போனார். இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் தவலை அளவு ஸ்பீக்கர். "இதான் சார். வெச்ச எடத்தவிட்டு நகத்தவே முடியல" என்றார். அதைவிட வேறென்ன சிபாரிசு வேண்டும்? வாங்கிவிட்டேன்.

ரயிலில் ஒருவர், "இன்னா சார், மோட்டாரா?" என்று கேட்டார். "பியானோ கத்துக்கறதுக்கு" என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்கம்பக்கத்து ஆட்களோடு சேர்த்து நாலு பேர் தூக்கிவந்து பிளக்கைச் சொருகி, பெட்டியைக் கூடத்துச் சுவரோடு சுவராகப் பொருத்திவிட்டோம். அப்போது கரண்ட் இல்லை. கிரேஸ் முகமெல்லாம் பூரிப்பாக வந்து ஒரு கட்டையை அழுத்தினாள். இன்னொன்றையும் அழுத்தினாள். பூரிப்பு வடிந்தது.

"இன்னாங்க இது, வெயிட்டே இல்லியே!"

"வெயிட்டு இல்லியா? நாலு பேரு தூக்கினோம்!"

"பொட்டி இல்லீங்க, கீ. ஒவ்வொரு கட்டையும் விரல எதுத்துத் தள்ளணும். மெதுவா அழுத்தினா மெதுவா, பலமா அழுத்தினா பலமா கேக்கணும். இது அப்பளம் மாதிரி கீது."

திட்டாமல் வடை சுடப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கட்டைகளைக் கனமாக்க எங்காவது ஒரு பட்டன் இருக்கும் என்று நம்பி, இருந்த பட்டன்களை எல்லாம் அழுத்தினேன். பெரிய குமிழ் ஒன்றைக் கடைசி வரை திருகினேன். எதுவும் நடக்கவில்லை. கரண்ட் இல்லாமல் எது நடக்கும் என்று தோன்றுவதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

மாமனார் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்து, எனக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் படித்தார். எங்களோடு இருந்த என் அம்மா பயபக்தியோடு ஓரமாக நின்றாள். மெழுகுவத்தி ஏற்றி, எல்லோரும் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, இந்தக் குடும்பத்திலே சமாதானம் உண்டாகும்படி..." என்று பாஸ்டர் உருகிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது.

டமார் என்று ஒரு டிரம். அதன் மேல் டிரம்பெட். கிளப் டான்ஸ் மெட்டு ஒன்று ஜன்னல் கண்ணாடி அதிரக் கிளம்பியது. நான் பாய்ந்து ஒரு பட்டனை அழுத்தினேன், வேகம் கூடியது. இன்னொன்றை அழுத்தினேன், பெட்டிக்குள்ளிருந்து நாய் குரைக்க ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது பெட்டிக்குப் பின்னால். பெட்டியோ வெச்ச எடத்தவிட்டு நகருமா?

பாஸ்டர் கண்ணைத் திறக்காமல் குரலை உயர்த்தினார். நாயும் விடவில்லை.

நான் தரையில் குப்புறப் படுத்து இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். பக்கத்தில் தொப்பென்று ஒரு வெள்ளைச் சட்டை விழுந்தது. மாமனார்.

"மாப்ள, நீங்க அந்தாண்ட கால உந்தித் தள்ளுங்க. நான் ஒயர இஸ்துடறேன்!"

மாப்ள! ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அந்த வார்த்தையில் வந்த பலத்தில் உந்தினேன். பெட்டி நகர்ந்தது, ஒயர் அவர் கையோடு வந்தது. வீடு கப்சிப்.

அந்த அமைதியில் பாஸ்டர், ஒன்றுமே நடக்காதது போல, "ஆமென்" என்றார்.

முதலில் சிரித்தது மாமனார்தான். தரையில் படுத்தபடியே, சட்டையெல்லாம் ஒட்டடையோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிரேஸ் வடைத் தட்டோடு நின்று சிரித்தாள், அழுதாள். அன்றைக்குக் கீர்த்தனையை எல்லோரும் வாயாலேயே பாடினோம்.

கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். பக்கத்தில் பாலகாட் சுரங்கப் பகுதியின் பேண்டு வாத்தியக்காரர்கள் சந்தோஷமாகத் தூக்கிப் போனார்கள். அடுத்த முறை கடைக்குக் கிரேஸே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டையை மெதுவாகவும் பலமாகவும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்து, கீறல் விழுந்த, நாலைந்து ஓசைக்கு மேல் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எங்கள் மகளும் அதில்தான் கற்றுக்கொண்டாள். நான் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

இன்றும் கரண்ட் போய் வந்தால் எங்கள் வீட்டில் யார் எந்த அறையில் இருந்தாலும் ஒரே குரலில் "ஆமென்" என்பார்கள். அதில் சத்தமாகக் கேட்பது, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருக்கும் என் அம்மாவின் குரல்தான்.