சிறுத்தைக்குப் புரியாத பேச்சு

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்துச்சு. குளத்தங்கரையில ஒரு நாவ மரம். அதோட உச்சிக்கெளயில பூவாயின்னு ஒரு மந்தி. அவளுக்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, கழுத்துல மாட்டிக்க ஐடி கார்டும் கிடையாது. ஆனா கீழ மான்க தண்ணி குடிக்கிறப்ப, புதர்ல சிறுத்தை வாலு லேசா ஆடினாப் போதும், "கக்-கக்-கக்"னு ஒரு கத்து கத்துவா. மந்திப் பேச்சுல அதுக்கு "வந்துட்டான், ஓடு"ன்னு அர்த்தம். மான்களுக்கு அது பொறந்ததுலேருந்தே தெரியும். கூட்டம் போட்டு யாரும் முடிவு பண்ணின வழக்கம் இல்ல இது. உயிர் மேல ஆசை, அவ்வளவுதான்.

இதுல மனசு புண்பட்டது ஒரே ஒருத்தருக்கு. சிறுத்தை சாந்தமூர்த்திக்கு.

நேரா காட்டுச் சங்கத் தலைவர்கிட்ட போயிட்டாரு. தலைவர் ஒரு கழுதைப்புலி. "தலைவரே, நான் குளத்துப் பக்கம் போனாலே அந்தப் பொண்ணு எனக்குப் புரியாத பாஷையில என்னமோ சொல்றா. உடனே எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுறாங்க. என்னை ஒதுக்குற மாதிரி இருக்கு"ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. சாந்தமூர்த்தி தின்னுட்டு மிச்சம் வெக்கிறதுதான் தலைவர் வீட்டுல சாப்பாடு. அதனால தலைவர் சங்கத்தக் கூட்டி, பூவாயியையும் வரவழைச்சு, ரொம்ப நடுநிலையா விசாரிச்சாரு.

"ஏம்மா பூவாயி, நாலு பேர் இருக்கிற எடத்துல ஒருத்தருக்குப் புரியாத பாஷையில பேசுறது அநாகரிகம் இல்லையா?"

"மத்தவங்க எல்லாருக்கும் புரியுதுங்களே தலைவரே. ஓடுறாங்கல்ல?"

"அவரப் பத்தித்தான் பேசுறியாமே?"

"ஆமாங்க. அவரப் பத்தியேதான்."

சாந்தமூர்த்தி துள்ளி எந்திரிச்சாரு. "பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா! எனக்கு அப்பவே சந்தேகம்!"

"யோவ், நீ எங்களத் தின்ன வர்றய்யா!"

"இந்தா, இப்ப மரியாதையில்லாம வேற பேசுறா."

கூட்டமே "ச்சே"ன்னுச்சு. மானுங்களும் சேர்ந்து "ச்சே"ன்னுச்சுங்க, அதான் கொடுமை.

தீர்மானம் வந்துச்சு. பொது எடத்துல இனி பொது மொழிதான். பொது மொழி எதுன்னா, உறுமல். "அது அவரோட மொழியாச்சே"ன்னா பூவாயி. "அதான் எல்லாருக்கும் தெரியுமே"ன்னாரு தலைவர். "எங்களுக்குத் தெரியாதே?" "கத்துக்கணும்மா. நாளைக்கு ஒரு வேலைக்குப் போறப்ப உதவும்." மானுக்கு என்னய்யா வேலைன்னு ஒருத்தரும் கேக்கல. மறு வாரமே தலைவரோட மச்சினி உறுமல் கோச்சிங் சென்டர் தொறந்துட்டா.

பூவாயியோட உயிர்த்தோழி மருக்கொழுந்துன்னு ஒரு புள்ளிமான். தன் குட்டியக் கொண்டுபோய் மொத ஆளாச் சேத்துவிட்டதே அவதான். குட்டி தொண்டை புண்ணாகி, பசிக்குதுன்னாக்கூட உறுமித்தான் கேட்டுச்சு. மருக்கொழுந்துக்குப் பெருமை தாங்கல. "நம்ம காலம்தான் கக்-கக்னே போயிருச்சு. இவனாச்சும் டீசண்டா வரட்டும்டி"ன்னா.

ஒருநாள் காலையில எல்லாரும் தண்ணி குடிச்சுட்டிருந்தாங்க. இடது பக்கப் புதர்ல வாலு ஆடுச்சு. பூவாயி சட்டப்படி தொண்டையக் கனைச்சு, சொல்லிக்கொடுத்த மாதிரியே உறுமினா. "அனைவருக்கும் வணக்கம். இடது பக்கப் புதரில் மதிப்புக்குரிய சாந்தமூர்த்தி அவர்கள் இருக்கிறார்."

"நன்றிம்மா"ன்னுச்சு இடது பக்கப் புதர். சரசரன்னு ஒரு சத்தம். வாலு வலது பக்கப் புதருக்குப் போயிருச்சு.

"மன்னிக்கவும். வலது பக்கம்."

"அடித்தொண்டையிலேருந்து வரணும்மா, இன்னும் பழகணும்"னுச்சு வலது பக்கப் புதர்.

கீழ மானுங்க மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு, மனசுக்குள்ள அர்த்தம் பண்ணிக்கிட்டு நின்னுச்சுங்க. மருக்கொழுந்தோட குட்டி மட்டும் தனியா, தண்ணிக்குள்ள மூக்க விட்டுக்கிட்டு. சாந்தமூர்த்தி பின்னங்கால ஊனிட்டாரு.

பூவாயி கெளை மேல எந்திரிச்சு நின்னா. நாகரிகமாவது மண்ணாங்கட்டியாவது! "கக்-கக்-கக்!"

அவ்வளவுதான். எவனும் யோசிக்கல, காலு தானா ஓடுச்சு. குட்டி ஆத்தாகாரி வயித்துக்கடியில பூந்து தப்பிச்சுது. பாஞ்ச சாந்தமூர்த்தி தொபுக்கடீர்னு குளத்துக்குள்ள.

சாயங்காலம் விசாரணை. சாந்தமூர்த்தி துண்டப் போத்திக்கிட்டு தும்மிக்கிட்டே உக்காந்திருந்தாரு. பூவாயி மருக்கொழுந்தப் பாத்தா.

"நீயே சொல்லுடி. உன் புள்ள உசுரோட இருக்கானா இல்லையா?"

மருக்கொழுந்து தரையப் பாத்தா. "இருக்கான்... அதெல்லாம் சரிதான் பூவாயி. ஆனா நாலு பேர் முன்னாடி அப்படி பட்டிக்காடு மாதிரி கத்தியிருக்க வேணாம். பாவம், அவரு எவ்வளவு சங்கடப்பட்டிருப்பாரு?"

பூவாயி தலைவர் பக்கம் திரும்பினா.

தீர்ப்பு சொன்னாங்க. பூவாயி இனி மரம் ஏறக் கூடாது. காவலுக்கு வேற ஆளு போடணும். ஒரே தகுதி, உறுமல் சுத்தமா வரணும். விண்ணப்பம் போட்டது ஒரே ஒருத்தர்தான்.

மறுநாள் காலையில பூவாயி எல்லாரோடயும் வரிசையில நின்னு தண்ணி குடிக்க வந்தா. நாவ மரத்து உச்சியிலேருந்து கம்பீரமா ஒரு உறுமல் எறங்குச்சு. "அனைவருக்கும் வணக்கம். சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. பயப்படாமல் குடியுங்கள்."

"என்ன உச்சரிப்பு! சொக்க வெக்குது!"ன்னா மருக்கொழுந்து. குட்டிய முன்னால தள்ளிவிட்டா, நல்லாக் கேட்டுப் பழகட்டும்னு.

பூவாயி அண்ணாந்து பாத்தா. உச்சிக்கெளயில இருந்தவரு நடுக்கெளைக்கு வந்துட்டாரு. அங்கேருந்து அடிக்கெளைக்கு. குட்டியோட தலைக்கு நேர் மேல புள்ளி வாலு மெல்ல ஆடுச்சு. பூவாயி வாயத் தொறந்தா.

மருக்கொழுந்து சட்டுன்னு திரும்பி மொறச்சா. "ஏய், திரும்பவுமா? எல்லாரும் பாக்குறாங்கடி. ப்ளீஸ், மானத்த வாங்காத."

நீதி: நாலு பேர் முன்னாடி ஒரு உயிரக் காப்பாத்துறதுன்னா, அதத் தின்ன வந்தவருக்கும் புரியுற மாதிரி காப்பாத்தணும். இல்லன்னா அவரு மனசு நோகும்.